பழைய டிஸ்க், புது டிஸ்க்

"பாப்பா, நாளையிலேருந்து அந்த நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்துடு. நீ வீட்டைப் பாத்துக்க."

அண்ணனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. எதிரில் வந்து நின்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு அறைக்குள் மைக் முன்னால் நின்றுகொண்டு, விளம்பரம் வாசிப்பதுபோல் சொன்னான்.

தம்பி என்றால் அவர்களுக்குத் தம்பி இல்லை. அண்ணியின் தம்பி. அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று அவன் மைக்கை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்கைத் தட்டக் கூடாது என்றுகூடத் தெரியாதவனுக்கு நாற்காலி.

அவளுக்கு உச்சி மண்டை சுட்டது.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் பாப்பா. இந்த ஸ்டூடியோவுக்கு இடம் பிடித்தவள் அவள். சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியவள் அவள். வந்துபோன ஒவ்வொரு குரலிலும் இருமலை, கனைப்பை, எச்சில் விழுங்கும் சத்தத்தை வெட்டியெறிந்து, பெயர் போட்டு டிஸ்க்கில் அடுக்கியவளும் அவள்தான்.

வாசல் பலகையில் மட்டும் அண்ணன் பெயர்.

"போறதுக்கு முன்னாடி பழைய டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே புதுசுக்கு மாத்திக் கொடுத்துடு" என்றது ஸ்பீக்கர்.

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் வாய் மட்டும் திறந்து மூடியது.

கட்டளைகள் எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தாள். கோப்புகளை மாற்ற அவள் மவுஸைத் தொடுவதே இல்லை. ஒரே வரியில் எழுதிவிடுவாள். முதலில் நிரலின் பெயர். பிறகு சிறு கோடு போட்டு, எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் எழுத்துகள். கடைசியில், எதிலிருந்து எதற்கு.

அழிக்கச் சொல்லவும் ஒரு சொல் உண்டு. முதல் டிஸ்க்கில் இல்லாத எதுவும் இரண்டாவதில் இருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அதையும் சேர்த்தாள்.

பிறகு டிஸ்க்குகளை இடம் மாற்றிப் போட்டாள். ஒன்றுமே இல்லாத புதியது முதலில். எல்லாக் குரல்களும் இருந்த பழையது இரண்டாவதாக.

வரியின் நடுவே இன்னோர் எழுத்தைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்தினாள்.

வரிகள் ஓடத் தொடங்கின. அழிகிறது, அழிகிறது என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர். சோப்பு விளம்பரம். ரயில் அறிவிப்பு. வில்லன் சிரிப்பு. குழந்தை அழுகை. சிரிக்கவே வராத ஒரு நடிகையை அரை நாள் உட்காரவைத்து வாங்கிய சிரிப்பு.

பதில் வராத கோபத்தில் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்தான்.

"ஐயோ! நிறுத்து பாப்பா! நிறுத்துடி!"

பிளக்கைப் பிடுங்கப் போனவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் பிடியை விடவில்லை.

"இப்பச் சொல்லு. இதையெல்லாம் இத்தனை வருஷமா யார் பாத்துக்கிட்டா?"

"நீதாம்மா. நீதான். நிறுத்தும்மா."

அதைக் கேட்கத்தான் இவ்வளவும். கேட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. மணிக்கட்டை உதறினாள்.

"ஒண்ணும் போகல. n போட்டிருக்கேன். அழிச்சா என்னென்ன போகும்னு பேரை மட்டும்தான் காட்டும்."

திரையைத் துடைத்துக் காலியாக்கினாள்.

அண்ணன் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டான். அந்த மூச்சோடு, சற்றுமுன் சொன்ன 'நீதாம்மா'வும் போய்விட்டது. முகம் இறுகியது.

"பைத்தியக்காரி. எந்திரி முதல்ல."

அவள் எழுந்தாள். தன் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டினாள்.

அவள் நகர்வதற்குள் அண்ணியின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கதவருகே நின்று கடைசிப் பேச்சை மட்டும் கேட்டிருந்தான்.

"விடுங்க மாமா. காப்பி பண்றதுதானே? எனக்கும் தெரியும். அக்கா எழுதினது உள்ள அப்படியே இருக்கு, சும்மா ஓட்டிப் பாத்திருக்காங்க. அந்த n-ஐ எடுத்துட்டா நிஜமாவே ஓடும்."

மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினான். அவள் எழுதிய வரி திரும்பி வந்தது. அதை அவன் படிக்கவில்லை. n-ஐத் தேடிப் பிடித்து அழித்துவிட்டு, என்டருக்கு விரலைக் கொண்டுபோனான்.

வரியின் கடைசியில் டிஸ்க்குகள் அவள் போட்ட வரிசையிலேயே இருந்தன. காலியானது முதலில். நிறைந்தது பின்னால்.

"தம்பி, அது..."

"வாயைத் திறந்தே, பல்லு இருக்காது!" அண்ணன் விரலை நீட்டினான். "போதும் உன் பேச்சு. போ வெளிய."

அவள் ஹெட்போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

பிறந்ததிலிருந்து அண்ணன் சொல்லை அவள் மீறியதில்லை.

இன்றும் மீறவில்லை.