மே மாதத்துத் துடைப்பம்

விதை போட்டு மேவிஸ் ஏழு வருடம் வளர்த்த புரூம் புதர், துடைப்பம் கட்ட உதவும் செடி, இங்கிலாந்தின் சஃபோக் வீட்டு வாசலோரம் மொட்டைக் கட்டையாக நிற்கிறது. அறுத்துப்போட்ட கிளைகளில் மஞ்சள் பூக்கள் இன்னும் வாடவில்லை. தேனீக்கள் தரையோடு சுற்றுகின்றன. மாமனார் கிளெமென்ட் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, ரம்பத்தின் பற்களில் ஒட்டிய தூளைக் கட்டைவிரலால் வழிக்கிறார். “சன்னலை மறைச்சுது. தன்னால தழைஞ்சு வரும்.” “பச்சைக் கொம்புல வெட்டினாத்தான் மாமா தழையும். நீங்க பழுப்புக் கட்டையில அறுத்திருக்கீங்க. இனி ஒரு இலை வராது. அது உங்களுக்கும் தெரியும்.” “அப்ப விறகாச்சு.” மேவிஸ் குனிந்து, பூ நிறைந்த கிளைகளாகப் பார்த்துப் பொறுக்கிச் சணலால் இறுக்கிக் கட்டுகிறாள்.

மே மாதத்தில் இந்தப் பூங்கிளையால் வீட்டைக் கூட்டினால் அது வீட்டுப் பெரியவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும் என்பது அந்த ஊர்ப் பயம். கிளெமென்ட் இதுவரை ஒரு கொத்தைக்கூடப் படி தாண்ட விட்டதில்லை. மேவிஸ் படி தாண்டி உள்ளே வருகிறாள். கல் தரையில் கிளைகள் சரசரக்கின்றன. மூலையில் தொடங்கி, அவசரமே இல்லாமல், நாற்காலியை நோக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறாள். மஞ்சள் இதழ்கள் அவர் செருப்பைத் தொடுகின்றன. ரம்பத்தை வழித்த விரல் நின்றுவிடுகிறது. “மேவிஸ், இது மே மாசம்,” என்கிறார். குரல் இறங்கியிருக்கிறது.

“தெரியும். காலைத் தூக்குங்க மாமா.”