நாற்காலிகள் மேல் விழுந்த வெளிச்சம்

ஒரு நாற்காலிகூட நிறம் மாறவில்லை.

அவள் பக்கத்தை மறுபடியும் புதுப்பித்தாள். மடிக்கணினித் திரையில் மண்டபம் விரிந்தது. முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை வெளிர் பச்சை. யாராவது டிக்கெட் எடுத்திருந்தால் அந்த நாற்காலி அரக்கு நிறமாகியிருக்கும்.

காலையிலிருந்து இதே பச்சைதான்.

நாடகம் அவள் எழுதியது. கல்யாண வீட்டில் காணாமல் போன சமையல்காரரைத் தேடி வரும் இன்ஸ்பெக்டர் வேஷமும் அவளுக்கே. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, தோழிகளைக் கூட்டி வைத்து, ஒரு வருஷம் ஒத்திகை பார்த்தாயிற்று. சாயங்காலத்துக்குள் பாதி மண்டபமாவது நிரம்பாவிட்டால் தேதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டிமன்றக்காரர்கள் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

டிக்கெட் பக்கத்தைச் செய்தவன் அவள் கணவன். அவனுக்கு இணையப் பக்கங்கள் செய்வதுதான் பிழைப்பு.

டிக் அடித்துத் தேர்ந்தெடுக்கப் பிரவுசர் தருகிற செக்பாக்ஸ் வெறும் சாம்பல் சதுரம். அதைப் பார்த்தால் யாருக்கு நாடகத்துக்குப் போகத் தோன்றும்? அவன் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தான். அதே இடத்தில், பக்கத்துக்குத் தோற்றம் தருகிற சிஎஸ்எஸ் வரிகளை வைத்தே ஒரு நாற்காலி வரைந்தான். முதுகுக்கு ஒரு வளைவு. கைப்பிடிக்கு இரண்டு கோடு. தொட்டால் மஞ்சளாகும். படம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

நிஜ மண்டபம் மாதிரியே இருக்கிறது என்று அவளும் மெச்சியிருந்தாள்.

இப்போது நிஜ மண்டபம் மாதிரியே காலியாகக் கிடந்தது.

அவனுக்கு இன்னொன்றும் தெரியும். பக்கத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நிறையப் பேர். வந்து, பார்த்து, எதையும் எடுக்காமல் போயிருந்தார்கள்.

அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

அவள் சட்டென்று போனை எடுத்தாள். அதே பக்கத்தைத் திறந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலியைத் தொட்டாள்.

தன் நாடகத்துக்குத் தானே டிக்கெட் எடுக்கிறாள். சைபர் என்று இருக்கக் கூடாதாம்.

அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

அவள் மறுபடியும் தொட்டாள். கட்டை விரலால் அழுத்தினாள். பக்கத்து நாற்காலியையும் குத்திப் பார்த்தாள்.

"என்னங்க, எனக்கே சீட்டு தரமாட்டேங்கு."

அவன் போனை வாங்கித் தொட்டான். மஞ்சள் வரவில்லை. நடுவரிசையைத் தொட்டான். பின்வரிசையைத் தொட்டான். ஒன்றும் அசையவில்லை.

பிறகுதான் அவன் கண் மேலே போயிற்று.

மண்டபத்தின் மேலிருந்து மெல்லிய பொன்னிற வெளிச்சம் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. மேடை விளக்கு போல இருக்கட்டும் என்று கடைசியில் ஆசைக்குச் சேர்த்தது. அதற்கு முன்பே எல்லா நாற்காலியையும் தொட்டுச் சோதித்து முடித்திருந்தான். வெளிச்சம் வந்த பிறகு கண்ணால் பார்த்து ரசித்ததோடு சரி. தொட்டுப் பார்க்கவில்லை.

பார்வைக்குத்தான் அது வெளிச்சம். உண்மையில் நாற்காலிகள் மேல் விரித்த ஒரு கண்ணாடித் தாள். வந்த விரலெல்லாம் அதன் மேலே பட்டு நின்றிருக்கிறது.

அப்படியென்றால் வந்தவர்கள் வேண்டாம் என்று போகவில்லை.

அவன் சிரிக்கத் தொடங்கினான். சொந்தத் தப்பைக் கண்டுபிடித்து இப்படிக் குளிர்ந்துபோன ஆள் பாளையங்கோட்டையிலேயே இருந்திருக்க முடியாது.

"பேச்சி, ஆளெல்லாம் வந்துருக்காங்க. நான்தான் மறிச்சுட்டு நிக்கேன்."

அவள் முறைத்தாள். முறைத்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

ஒரே வரிதான். வெளிச்சமே, விரலைக் கண்டுகொள்ளாதே, கீழே விட்டுவிடு என்று சொல்கிற வரி. அவன் எழுதிச் சேமித்தான். அவள் முன்வரிசை நாற்காலியைத் தொட்டாள்.

மஞ்சள்.

அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பச்சையாக்கிவிட்டு, டிக்கெட் பக்கம் சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்.

முதலில் கூப்பிட்டது ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா.

"அடிப்பாவி, சீட்டெல்லாம் தீந்துட்டுன்னுல்லா நெனச்சோம். தொட்டா ஒண்ணும் விழல. டிக்கெட்டே கெடைக்காத நாடகம்னு வார்டு பூரா அதே பேச்சு."

கிடைக்காது என்று ஊரே நம்பிய டிக்கெட் இப்போது கிடைக்கிறது. விடுவார்களா?

முன்வரிசையில் ஒன்று அரக்கானது.

நடுவில் சேர்ந்தாற்போல் நான்கு. ஏதோ குடும்பம்.

ஓரத்தில் தனியாக ஒன்று.

பிறகு வரிசை வரிசையாக. கொஞ்ச நேரத்தில் பச்சையைத் தேட வேண்டியதாயிற்று. அவள் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு முகம் வைத்துப் பார்த்தாள். அந்த முகங்களையெல்லாம் சிரிக்க வைக்க வேண்டுமே என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டை இருவரும் மறந்தே போனார்கள்.

சாயங்காலம் போன் அடித்தது. மண்டபத்து மேனேஜர்.

"என்னம்மா, பட்டிமன்றத்துக்காரங்க வந்து உக்காந்துருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

அவள் திரையைப் பார்த்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மேடையே தெரியாத நாற்காலி ஒன்று மிச்சமிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் அரக்கானது.

"சார், பிளாஸ்டிக் சேர் கூடுதலா கெடைக்குமா?"