வழியில் இறங்கலாகாது

திண்டிவனத்தில் வண்டி நான்கு நிமிடம் நிற்கும்.

அந்தோணிசாமி பெட்டியின் வாசலில் நின்றான். இறங்கவில்லை.

கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பிரஜை. நாளை மாலை சென்னையில் கப்பலேற மட்டும் அவனுக்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். அது விழுப்புரத்திலிருந்து கூடவே வரும் குமாஸ்தா சக்கரபாணியின் சட்டைப்பையில் இருந்தது.

யுத்தம் வந்தபின் போட்ட விதிகள் இரண்டு. வழியில் எங்கும் இறங்கலாகாது. உடன் வரும் குமாஸ்தாவை விட்டுப் பிரியலாகாது.

கீழே பிளாட்பாரத்தில் அவன் மனைவி சவுரியம்மாள், ஐந்து மாதக் குழந்தையோடு. தாய்வீட்டில் பெற்றது. தகப்பன் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எறங்கி வாய்யா. கப்பல்காரனுக்குத் தரை ஆவாதா?"

"காலு கீழ படக்கூடாதாம். பாஸு ஐயாகிட்ட கீது."

அவள் குழந்தையை எட்டிக் கொடுத்தாள். கரி போகாத நகங்கள் பட்டுவிடாமல் விரல்களை மடக்கிக்கொண்டு வாங்கினான். குழந்தை வீறிட்டது.

"புது ஆளு பாரு," என்று சிரித்தாள்.

மணி அடித்தது. அவள் கைகளை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

சக்கரபாணி கூஜாவை எடுத்துக்கொண்டு அடுத்த வாசல் வழியாக இறங்கிக் குழாயடிக்குப் போனான். கூஜா நிறைந்து வழிந்தது. குழாயை மூடவில்லை.

"ஐயா! வண்டி பூடும், ஜல்தி வாங்க!"

சக்கரபாணி திரும்பிப் பார்த்தான். வரவில்லை.

வண்டி அசைந்தது. அந்தோணிசாமி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தகரப்பெட்டியோடு குதித்தான்.

"என்னங்க ஐயா, இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"நீ என்னைப் பிரியக் கூடாது. அடுத்த வண்டி மூணு மணிக்கு."

சக்கரபாணி பெஞ்சில் உட்கார்ந்து தாமத அறிக்கையை நிரப்பினான். காரணம்: தண்ணீர் பிடிக்க இறங்கியதில் வண்டி தவறியது. பொறுப்பு: குமாஸ்தா.

வேப்பமரத்தடியில் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

கடைசிக் கேள்வி: இதற்குமுன் பணியின்போது வழியில் இறங்கியதுண்டா?

தண்டவாளத்துக்கு அப்பால் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை தெரிந்தது. சென்ற ஆடியில் சக்கரபாணியின் மனைவி காந்திமதி அங்கே ஒன்பது நாள் கிடந்தாள். பத்தாம் நாள் இறந்தாள். அந்த ஒன்பது நாளில் பாஸ்காரர்களோடு அவன் இந்த ஸ்டேஷனை நான்கு முறை கடந்திருந்தான்.

'இல்லை' என்று எழுதினான்.