நடுப் பன்னிரண்டு அடி

மோப்பக்காரர் ஹோஸ் குழாயின் வாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூஸ் கம்பெனியில் நாங்கள் பதினோரு பெண்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். பாட்டிலுக்குக் கால் முளைத்து ஓடிவிடவா போகிறது?

அவர் இப்போது கம்பெனியின் பரிசோதகர் இல்லை. வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை வாசலில் வந்து நிற்பார். புது மேனேஜர், "உள்ளே விட்டுத் தொலையுங்கள்" என்று கையை ஆட்டுவார். நல்ல மனசா, பயமா, எனக்கென்ன தெரியும்.

வீட்டிலும் இதே கூத்துதான். தண்ணீரை மூன்று தடவை கொதிக்க வைத்துக் கொடுத்தாலும் தம்ளரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பக்கத்து வீடு என்பதால் சொல்கிறேன். மற்றபடி எட்டிப் பார்க்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

பழச்சாறுத் தொட்டியைக் கழுவுகிற ஹோஸ் அது. ஒரு முனை தண்ணீர்க் குழாயில், மறு முனை தொட்டி அருகில். நடுப் பன்னிரண்டு அடி தரைக்கடியில் புகுந்து போகிறது.

அந்த நடுப்பகுதியில் ஓரிடம் ஒரு தடவை கிழிந்தபோது, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற பச்சைக் குழாயை வெட்டி ஒட்டுப் போட்டுவிட்டார்கள். வெளியே தெரிகிற இரண்டு முனையும் வெள்ளை வெளேரென்று, உணவுக்கு ஏற்றது என்ற முத்திரையோடு இருந்தன. முத்திரையைப் பார்த்து இவர் கையெழுத்துப் போட்டார்.

பச்சைக் குழாய்க்குள் வழுவழுப்புப் பிடித்துக் கிடந்தது.

எங்கள் ஜூஸைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்து குழந்தைகளில் நான்குதான் வீடு திரும்பின.

இப்போது இருப்பது ஒட்டில்லாத புது ஹோஸ். ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் முழுசாக வெளியே இழுத்து, அடி அடியாக அமுக்கிப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அந்த மாதம் முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லையாம். அவர் சம்சாரம் என்னிடம் சொல்லி அழுதாள்.

மறு முனையில் நின்று விட்டுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் என்னைத்தான் பார்ப்பார்.

"போடி, உன் மாமா கூப்பிடுறாரு." மூடி போடுகிறவள் இடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

போனேன்.

அவர் இழுக்க, நான் விட, தரைக்குள்ளிருந்து ஹோஸ் குடல் மாதிரி வந்தது. அமுக்கினார், மோந்தார். அமுக்கினார், மோந்தார்.

ஏழாவது அடியில் கை நின்றது.

ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி.

"இங்கதாம்மா இருந்துச்சு."

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுப்பகுதியை ஏன் இழுத்துப் பார்க்கவில்லை என்று விசாரணையில் கேட்டார்களாம். "என் கவனக்குறைவு" என்றாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் இழுக்கத்தான் ஆரம்பித்தார். மூன்று அடி வெளியே வந்துவிட்டது. நான்தான், விஷயம் தெரியுமா சார் என்று ஓரமாகக் கூப்பிட்டேன். எங்கள் தெருத் தையல்காரர் மகள் எவனோடோ வண்டியில் போன கதை. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அரை மணி நேரம் சொன்னேன். முடிப்பதற்குள் பழைய மேனேஜர் ஹோஸை உள்ளே தள்ளிவிட்டு, படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் போனது அவள் அண்ணனோடு.

சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.