புதிய வாசகர்

மாமனாரின் ஆக்சிஜன் கருவியில் ஓடும் மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் திருத்தலாம். அதன் தமிழ்க் கையேட்டில் ஒரு பிழை இருந்தது. தூசி வடிகட்டியைக் கழுவி மாட்டியதும் முதலில் சிவப்புக் குழாயைத் திறக்கச் சொன்னது. அப்படித் திறந்தால் கருவி பூட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் காற்று வராது. முதல் நாளே அதில் மாட்டி, மாமாவின் உதடு நீலமானதைப் பார்த்த பரிமளா, சரியான வரிசையை எழுதி அனுப்பினாள்.

திருத்தங்களைச் சரிபார்க்கும் இயந்திரம் போனில் பேசியது. "முதல் பங்களிப்புக்கு வாழ்த்துகள். இப்போதும் தடுமாறுகிறீர்களா?"

"இல்ல. இப்பதான் தெரிஞ்சுபோச்சே."

"அப்படியானால் பிழைக்குச் சான்றில்லை. முதன்முறை படிப்பவர் தடுமாற வேண்டும். இனி கருவி பூட்டிக்கொண்டால் எனக்குத் தகவல் வரும்."

கணவனைப் படிக்கச் சொன்னாள். அவனும் தடுமாறவில்லை. கருவியின் மேல் சரியான முறையை அவள்தான் எழுதி ஒட்டியிருந்தாளே.

"அந்தத் தாள் இருக்கும்வரை உங்கள் வீட்டில் யாரும் தடுமாற மாட்டார்கள்" என்று இயந்திரம் மறுபடியும் நிராகரித்தது.

"அனுபவிச்சவ சொல்றேன், அது பத்தாதா?" எரிச்சலில் தாளைக் கிழித்து எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து நாத்தனார் வசுமதி வந்தாள். எங்கே தூசியைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது அவளுக்கு.

"நீங்க கடைக்குப் போயிட்டு வாங்க அண்ணி, அப்பாவ நான் பாத்துக்கறேன்."

பரிமளா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது.

"உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. புதிய வாசகர் ஒருவர் சற்றுமுன் உங்கள் வீட்டில் தடுமாறினார். பங்களிப்புக்கு நன்றி."