பிரியம்

"காசை வச்சாதான் படம்" என்றார் போட்டோக்காரர் மொரீட்டா.

ராஜரத்தினத்துடன் வந்த கடைக்காரர் அமீர் அலி பதறிப்போனார். "யாருகிட்ட கேக்குறீங்கன்னு தெரியுதா ஜப்பான்காரரே? புதுசா ஜெயிச்ச முனிசிபல் மெம்பர்!"

ராஜரத்தினத்தின் முகம் கறுத்தது. லஞ்சம் வாங்கமாட்டேன் என்று ரங்கூன் தெருத்தெருவாகச் சத்தியம் செய்து ஜெயித்தவர் அவர். அந்தப் பெயர்தான் அவருக்குச் சொத்து. இந்த மொரீட்டா யார்? தன் நாட்டில் பார்லிமெண்ட் மெம்பராக இருந்து, மந்திரியாகும் நேரத்தில் கப்பல் கம்பெனியிடம் கைநீட்டிச் சிக்கியவர். தோளில் தூக்கிய சனமே கல்லால் அடித்து விரட்டியது. ஜெயிலுக்குப் போய்வந்து, இப்போது ரங்கூனின் கெமண்டைன் பகுதியில் படம்பிடித்து வயிறு கழுவுகிறார்.

"கப்பலையே முழுங்கியும் பசி அடங்கலையா?" என்றார் ராஜரத்தினம்.

மொரீட்டா கேமராவைக் கறுப்புத் துணியால் மூடினார். துறைமுகத்துத் தமிழர்களிடம் பழகிய தமிழில், "காசு வைங்க ஐயா" என்றார் மறுபடியும்.

"முடிவெட்டுறவர் வாங்கல. இந்தக் கோட்டைத் தைச்ச முகைதீன் வாங்கல. நான் கேட்டேனா? எல்லாம் பிரியம்!"

"உங்க கடை லைசென்ஸ் யார் கையில இருக்கு, ஞாபகமிருக்கட்டும்" என்று உறுமினார் அமீர் அலி.

ராஜரத்தினம் அவரைத் தடுக்கவில்லை.

"லைசென்ஸை எடுத்துக்குங்க. சும்மா படம் எடுத்துத் தரமாட்டேன்."

"காசு மேல அவ்வளவு ஆசையா?" என்றார் ராஜரத்தினம்.

"ஆசை இல்ல ஐயா, பயம்."

"என்ன பயம்?"

மொரீட்டா தலைகுனிந்தபடியே பேசினார். "நான் மெம்பரானதும் எங்க ஊர் தையல்காரர் காசு வேண்டாம்னார். பிரியம்னுதான் நினைச்சேன். அப்புறம் அரிசிக்கடைக்காரர். அப்புறம் வீடு கட்டித் தந்தவர். கடைசியில கப்பல்காரங்க வந்தப்பவும் எனக்குப் பிரியம்னுதான் தோணிச்சு. உங்களை அந்தக் குழியில தள்ளுற கை என்னோடதா இருக்க வேண்டாம்."

அமீர் அலி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ராஜரத்தினத்தின் கை அவசரமாகக் கோட்டுப் பைக்குள் போனது. அடுத்த பையைத் துழாவியது. அப்படியே நின்றது.

ஜெயித்த நாளிலிருந்து, காசு எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.