மலையளவு ஓணான்

ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்களாம். தண்டவாளத்தில் ஓடும் ட்ராலியில் தரையோடு தரையாகப் பூட்டியிருந்த கேமராவுக்குப் பொழுது போகவில்லை. எதிரே ஒரு கல்லின் மேல் ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. கேமரா அதைக் கிட்டத்தில், கீழேயிருந்து அண்ணாந்து படம் பிடித்துத் தன் திரையில் காட்டியது.

ஓணானுக்கு மூச்சே நின்றுவிட்டது. திரையில், பின்னாலிருந்த பனைமரம் அதன் முழங்கால் உயரம்தான் இருந்தது.

"நான் இவ்வளவு பெரிய ஆளா? இத்தனை நாளா யாருமே சொல்லலையே!"

"நான் இருக்கிற இடம் அப்படி, தம்பி," என்றது கேமரா. ஓணான் காதில் வாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பசியோடு ஒரு பூனை வந்தது. ஓணான் ஓடவில்லை.

"ஏய் பூனை! அங்கேயிருந்து பார்த்தா நான் பொடிசாத்தான் தெரிவேன். கிட்ட வா. இன்னும் கிட்ட. அப்படியே குப்புறப் படுத்து அண்ணாந்து பாரு."

ஓணான் சொன்னபடியெல்லாம் பூனை செய்தது. அதன் மூக்கு கல்லில் இடித்தது.

"இப்ப எப்படி இருக்கேன்?"

"ஆமாண்ணே, ரொம்பப் பெருசு," என்றது பூனை, சப்புக்கொட்டிக்கொண்டே. "ஒரு வேளைக்குத்தான் வருவீங்கன்னு நினைச்சேன். ராத்திரிக்கும் மிச்சமாகும் போலிருக்கே."

பிறகு கேமராவிடம், "நீ கொஞ்சம் தள்ளிப் போறியா? கூச்சமா இருக்கு," என்றது.

கேமரா கடகடவென்று தண்டவாளத்தின் கடைசி வரைக்கும் பின்னால் போய், அங்கிருந்து மிச்சத்தைப் படம் எடுத்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த டைரக்டர், கடைசியில் எடுத்ததை மட்டும் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கய்யா, ஒரு பூனை ஓணானுக்கு எப்படி முத்தம் கொடுக்குது! நமக்குத்தான் இந்தப் பாசமெல்லாம் இல்லை."